பன்னிரண்டு

வெருலம் கோர்ட்டில் தலைவரிப் புத்தகம்
என் மேசையில்தான் இருந்தது.
துரை கேட்பார். நான் தமிழில் கேட்பேன்.
அவர்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்வேன்.
நடுவில் கொஞ்சம் கசியும்.
அதற்குத்தான் கத்தரிக்காய்.

செங்கேணி. கப்பல் நம்பர் எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம்.
புருஷன் தணிகாசலம், ‘மறு ஒப்பந்தம்’.
வரிப்பாக்கி கட்ட முடியாதவன்
பழையபடி கரும்புக்கே போனதற்குப்
புத்தகத்தில் அவ்வளவுதான் இடம்.
மகள் பூங்காவனம், பன்னிரண்டு.
மகன் சடையன், எட்டு.

பதிமூன்று ஆனால் பெண் தலைக்கும் மூன்று பவுன்.
தோட்டத்தில் ஆண் கூலி மாசம் பத்து ஷில்லிங்.
ஆறு மாசம் எதையும் தின்னாமல் மடித்துவைத்தால்
ஒரு தலை.

அடுத்த வருஷம் கேட்டேன். பன்னிரண்டு.
அதற்கடுத்த வருஷமும்.
கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு
வாசல் நிலை உயரத்துக்கு நிற்கிறாள் பெண்.
“வளத்தி அப்பிடி, அவங்கப்பன் வாகு.”
துரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
எழுதினேன்.

தம்பி மட்டும் ஒன்பது, பத்து, பதினொன்று என்று
ஏறிக்கொண்டே வந்து
ஒரு வருஷம் அக்காளைத் தொட்டு நின்றான்.
“இரட்டையா?” என்றார் துரை.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
ஆமாம் என்று நானே சொன்னேன்.

பிறகு கல்யாணம் வந்தது.
பதிமூன்று நிறையாத பெண்ணுக்குக்
கல்யாணம் பதியக் கூடாதென்று
பக்கத்து மேசையில் இன்னொரு புத்தகம்.
அங்கிருந்து என் பக்கத்தைப் பார்க்க ஆள் வந்தது.

செங்கேணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
கழுத்துக்கென்று சேர்த்த மூன்று சவரன்,
வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
“ஒரு வயசு போட்டுக் குடுங்கய்யா.”

எண்ணி வாங்கினேன். கடித்தும் பார்த்தேன்,
அது வழக்கம்.
பன்னிரண்டை அடித்துப் பதிமூன்று.
மை காய ஊதினேன்.

“ஆச்சா?” என்றாள் வாசலில் நின்றவள்,
பதினேழு முடிந்தவள்.
“ஆச்சு. இன்னிக்குத்தான்டி நீ வயசுக்கு வந்தே.”
இருவரும் சிரித்துக்கொண்டே படி இறங்கினார்கள்.
ரசீதைக் கொடுக்க நான்தான் ஓட வேண்டியிருந்தது.

அந்த வாரம் கத்தரிக்காய் வரவில்லை.
அடுத்த வாரமும்.
பூங்காவனம் வேறு பக்கத்துக்குப் போனாள்,
பொன்னுரங்கம் என்பவனுக்குக் கீழே
பதினாலு, பதினைந்து என்று
ஒழுங்காக வளர்ந்தாள்,
வருஷத்துக்கு மூன்று பவுன் விலையில்.

ஆண்பிள்ளைக்குப் பதினாறில்தான் வரி.
சடையனுக்குப் பதினாறு ஆகிற வருஷம்
புத்தகம் திறப்பதற்கு முந்தின சாயங்காலம்
வீட்டுப் பின்கட்டில் ஒரு கூடை இருந்தது.
மேலே கத்தரிக்காய், அடியில் அவரை.
யாரும் கூப்பிடவில்லை, யாரையும் நானும் தேடவில்லை.

மறுநாள் துரை கேட்டார்.
நான் தமிழில் கேட்டேன்.
“பதினஞ்சு” என்றாள், என்னைப் பார்க்காமல்.