காகிதத்தை வெட்டிக் காட்டாதே

கத்திக் கடைக்குக் காய்கறிப் பையோடு போன ஆள்
டர்பனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
பாதி முட்டைக்கோஸ், மூன்று மடும்பிக் கிழங்கு,
ஒரு கை வெண்டைக்காய்,
விடியலில் வார்விக் சந்தையில் வாங்கியவை.

லுங்கெலோ என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன்
கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
நீலத் துணியில் நான்கை வைத்தான்.
எல்லாம் நகிரி. ஜப்பானில் கையால் அடித்தவை.
காய்க்கு மட்டும் ஐயா,
எலும்பில் பட்டால் விளிம்பு உதிரும்.
எனக்கென்ன,
புரட்டாசி பிறந்தாயிற்று,
ஒரு மாதம் எங்கள் வீட்டில் எலும்பே இல்லை.

முனை கிடையாது.
குத்தத் தெரியாத கத்தி என்பதே
எனக்குப் பிடித்துப்போயிற்று.

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துத்
தூக்கிப் பிடித்தான் செதுக்கிக் காட்ட.
காகிதத்தை வெட்டிக் காட்டாதே தம்பி,
முப்பத்தோரு வருஷம் நான் வெட்டியது அதைத்தான்:
காகிதத்தில் வரைந்த கை,
காகிதத்தில் வரைந்த கழுத்து,
அடியில் நாற்பது அடுக்குப் பருத்தி.
ஜேக்கப்ஸில் சட்டைத் தொழிற்சாலை.
என் இடக்கை நடுவிரலின் நுனி
இன்னும் அங்கேதான் இருக்கிறது,
ஏதோ ஒரு பள்ளிச் சட்டையின் காலருக்குள்.

பிறகு கப்பலில் மலிவுச் சட்டைகள் வந்து இறங்கின,
கதவைச் சாத்தினார்கள்.
லோகாம்பாளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட்.
அடுப்படி என் பெயருக்கு மாறியது.

பலகை கொண்டுவந்தான்.

முதல் கத்தியின் உடம்பெல்லாம் நீர் ஓடிய ரேகை,
ஐயாயிரத்து எண்ணூறு ராண்ட்.
சம்பந்தி வீட்டு நாற்காலி மாதிரி:
உட்காரலாம், சாய முடியாது.
இரண்டாவது, துரு ஏறாத எஃகு.
துரு ஏறாது, வேகமும் ஏறாது,
மடும்பியின் பிசுக்கில் வழுக்கி
யாரிடமோ மன்னிப்புக் கேட்டது.
மூன்றாவதை ஏன் வேண்டாம் என்றேன்
என்று இன்றுவரை தெரியாது.

நான்காவதை எடுக்கும்போது கரண்ட் போயிற்று.
இரண்டு மணிக்கு என்று அட்டவணையில் இருந்ததுதான்,
இருவரும் அதிரவில்லை.
போன் வெளிச்சத்தை நீட்டினான்.
வேண்டாம், அணை.

கறுத்த இரும்பு. சுத்தியல் பட்ட பள்ளங்கள்
கட்டைவிரலுக்குத் தெரிந்தன.
நுனி இல்லாத விரலை மடக்கி, கணுவை நிமிர்த்தி
முட்டைக்கோஸின் மேல் வைத்தேன்.
அகலத் தகடு கணுவில் உரசி ஏறி இறங்கியது.
காய் ஒன்றும் சொல்லவில்லை,
பலகைதான் பதில் சொன்னது.

இது.

மூவாயிரத்து இருநூறு.
கார்டு மெஷின் செத்துக் கிடந்தது.
கையில் இருந்தது பஸ்ஸுக்கு உள்ள சில்லறை.
இரண்டரை மணி நேரம் உட்காருங்கள் என்றான்.

சும்மா உட்கார எனக்கு வராது.
வெண்டையை வெட்டினேன்.
மீதிக் கோஸை நூலாக்கினேன்.
கிழங்கைத் தோல் சீவி வில்லை போட்டேன்,
கை அரித்தது, நிறுத்தவில்லை.
மடும்பியை யாராவது வெட்டுவார்களா,
எங்கள் வீட்டில் தோலோடு அவித்து
உப்புத் தொட்டுத் தின்போம் என்றான் லுங்கெலோ.
அப்படியானால் உனக்கு இந்தக் கத்தியே தேவையில்லை.
எனக்கா? என்னிடம் ரொட்டி வெட்டுகிற
பல் கத்தி ஒன்று இருக்கிறது.
சிரித்துக்கொண்டே ஒரு பிடி கோஸை
வாயில் போட்டுக்கொண்டான்.

தகட்டில் உளியால் கொத்திய மூன்று எழுத்து.
அடித்தவர் பெயரா, ஊரா,
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஒன்று ஏணி போல இருந்தது.
அவருக்கும் ஒரு விரல்
கொஞ்சம் குட்டையாக இருக்கலாம்.

நாலரைக்கு விளக்கு எரிந்தது.
கத்தியைக் கையில் தரவில்லை, மேசையில் வைத்தான்;
எடுத்துக்கொண்டேன்.
அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

சாட்ஸ்வொர்த் வந்து சேர்ந்தபோது
லோகாம்பாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
பையைப் பிரித்தாள்:
ஒரே கனத்தில் வெண்டை, நூல் நூலாய்க் கோஸ்,
நாணயம் நாணயமாய் மடும்பி.
சூப்பர்மார்க்கெட்டில் நறுக்கி விற்பதையா வாங்கினீர்கள்,
அது இரட்டை விலையாயிற்றே.

ஆமாம், என்றேன்.
கொஞ்சம் விலைதான்.