ஜல்லி

செக்காலை ரோட்டில்
பதினெட்டுப் படி ஏறிப்போனால்தான் முட்டி வைத்தியம்.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்து
"எந்த மலை செஞ்ச வேலை இது?" என்றார் ஜெயசீலன்.
எவரெஸ்ட் என்று நான் சொல்லவேண்டும்.
முகத்திலேயே எழுதியிருந்தது.

எவரெஸ்ட்டை விமானத்து ஜன்னலில் பார்த்ததோடு சரி.

அக்கொன்காகுவா என்றேன்.
சீட்டில் 'ஆக்ஸிடெண்ட்' என்று எழுதிக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.

காலை நீட்டிப் பத்து எண்ணச் சொன்னார்.
எண்ணுகிற பழக்கம் எனக்கு நன்றாக உண்டு.

அழகான மலைகள் இரண்டு ஏறியிருக்கிறேன்.
சொல்ல ஒன்றுமில்லை,
காலண்டரில் எல்லோரும் பார்த்ததுதான்.
ரஷ்யாவில் ஒன்று:
நாம் மூச்சுக்குத் தவிக்கும்போது
பக்கத்திலேயே டீசல் புகையோடு ஒரு பனி டிராக்டர்
பணம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு போகும்.
கை வேறு அசைப்பார்கள்.
அதைக்கூட மன்னித்துவிடலாம்.

இது வேறு.
கழனிவாசல் பக்கம் ரோடு போடக் கொட்டுவார்களே
முக்கால் இஞ்சு ஜல்லி,
சின்னதில் ஏறிச் சறுக்கி உதை வாங்குவோமே,
அதை ஏழாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைய
யாரோ குவித்துவிட்டு
ரோலர் அனுப்ப மறந்துவிட்டார்கள்.
இரண்டு அடி வைத்தால்
ஒன்றரை அடியைத் திருப்பிக் கட்டவேண்டும்.
வட்டிக் கணக்குத் தெரிந்த ஊர்க்காரி நான்,
அந்த வட்டியை எங்கும் கண்டதில்லை.

மரம் இல்லை.
பனிகூட அங்கங்கேதான்,
கழுவாத சட்டியில் காய்ந்த மாவாக.
காற்று மட்டும்
வழக்கில் தோற்றும் வாசலைவிட்டுப் போகாத ஆள் மாதிரி
சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்.
பிறகு ஏன் ஏறினாய் என்று கேட்காதீர்கள்.
பணம் கட்டியாயிற்று.

அடிவாரத்தில் ஆளுக்கொரு பை, நம்பர் போட்டு.
மேலே நாம் கழித்ததை நாமே சுமந்து இறங்கி
ஒப்படைக்கவேண்டும்.
உச்சியின் உயரம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வராது.
பை இருநூற்றுப் பதினான்கு.

ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஞானம் வரும் என்றார்கள்.
வந்தது:
எல்.ஐ.சி. ஆபீசில் என் மேஜைச் சாவியைப்
பூட்டிலேயே விட்டுவந்தேனா?
நாலு மணி நேரம், வேறு நினைப்பே இல்லை.

உச்சியில் சின்னதாய் ஒரு உலோகச் சிலுவை.
அதைத் தொட்டுப் படம் எடுக்க
எனக்கு முன்னால் பதினோரு பேர்,
மண்ணெண்ணெய் வந்த அன்றைய ரேஷன் கடை.
என் முறையில்
பாதிச் செலவு கொடுத்த சாத்தையா பாத்திர மாளிகை பேனரை விரித்தேன்.
காற்று பிடுங்கிக்கொண்டு
சிலி நாட்டுக்குப் போய்விட்டது.
படத்தில் இருப்பது
நானும் சும்மா விரித்த இரண்டு கையும்.

"உண்மையிலேயே போனியளா, ஜல்லி அடிக்கிறியளா?"
என்றார் சாத்தையா,
போனைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்.
இரண்டும்தான் என்றேன்.

"அப்ப முட்டி உச்சியிலயா போச்சு?"
ஜெயசீலன் விடுவதாக இல்லை.
அவருக்கு ஒரு பனிச்சரிவாவது தேவைப்பட்டது.
இறங்கும்போது, என்றேன்.
கால் வழுக்கியது.
இரண்டு கையும் மேலே போனது,
பை கிழிந்துவிடக் கூடாதே என்று.
முட்டி தன் பாட்டுக்குக் கல்லில் இறங்கியது.

எந்தப் பை என்று அவர் கேட்கவில்லை.
"நமக்கெல்லாம் பிரான்மலை போதும்ங்க" என்றார்.
பிரான்மலையில் நிழல் உண்டு, குரங்கு உண்டு,
இறங்கினால் டீக்கடை உண்டு.
தலையாட்டினேன்.

படிகளைப் பக்கவாட்டில் இறங்கினேன், கைப்பிடியோடு.
கீழே சாக்கடைக்குத் தோண்டிய ரோட்டில்
என் ஸ்கூட்டருக்கு முன்னால்
புதிதாக ஒரு லோடு கொட்டியிருந்தார்கள்.
இடுப்புயரம்தான்.
சுற்றிப் போக வழியும் இருந்தது.

சாவி கைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு
நல்ல காலை எடுத்து வைத்தேன்.

சரிந்தது போக
அரை அடி.