கொக்கி

விளாங்குடி மின்வாரிய அலுவலகம்,
வருவாய்ப் பிரிவில் பதினான்கு வருடம்.
கொக்கி போட்டு மின்சாரம் எடுத்தவர்களின் கோப்பு
என் மேசைக்கு வரும்.
அபராதத்தில் ஒரு ரூபாய் குறைத்ததில்லை.

இப்போது நானும் ஒரு சொல்லைக்
கொக்கி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆட்டிசம்.

இரவு பதினொன்றுக்கு ஒரு கட்டுரை படித்தேன்.
யாரோ என்னை வேவு பார்த்து எழுதியிருந்தார்கள்.
ரவிக்கையின் உள்தையலை வெளியே திருப்பி உடுத்துவது.
எதிரில் இருப்பவர் அழும்போது
எந்த முகத்தை எடுத்து மாட்டுவது என்று தேடுவது.
கல்யாண வீட்டில்
செருப்புகளுக்குக் காவலாக வெளியே நின்றுகொள்வது.

மல்லிகை வாசம் எனக்கு மண்டைக்குள் ஆணி.
மதுரையில் பிறந்துவிட்டு
இதை யாரிடம் சொல்வது?
மாட்டுத்தாவணிப் பேருந்தில்
பெண்கள் பக்கத்துக் கூந்தல்களுக்குப் பயந்து
பின்வாசலில் நசுங்கி வந்திருக்கிறேன்.
அதற்கும் அந்தச் சொல்லில் இடமிருந்தது.

ஜெசிந்தாவிடம் மட்டும் சொன்னேன்.
டிபன் டப்பாவைப் பாதியில் மூடினாள்.
"எம்பையன் ஆறு வயசு வரைக்கும் அம்மான்னு கூப்பிடல.
பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு வருசம் அலைஞ்சு
அந்தச் சான்றிதழை வாங்குனேன்.
நீ ஒரே ராத்திரியில வாங்கிட்டியா?"

பதில் இருந்தது.
மறுநாள் மதியம்தான் வந்து சேர்ந்தது.
அதற்குள் அவள் இருக்கையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

லைன்மேன் ஷாகுல் வேறு மாதிரி:
"எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும் மேடம்."
எல்லார் வீட்டுச் சுவருக்குள்ளும்தான்
மின்சாரம் ஓடுகிறது ஷாகுல்.
சுவரைத் தொட்டாலே அடிக்கிற வீடு வேறு.
இதை அவரிடம் சொல்லவில்லை.

மீட்டர் இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும்,
தெரியும்.
ஆனால் வாசலில் ஒவ்வொரு பைக் நிற்கும்போதும்
ஒரு கை சுவிட்சுக்குப் போகும்.
அந்தக் கை இப்போது என்னுடையது.

கே.கே. நகர் மருத்துவர்.
மூன்று அமர்வு, ஒன்பதாயிரம்.
படிவம் குழந்தைகளுக்கானது.
"குழந்தை" என்பதைப் பேனாவால் அடித்து
"நபர்" என்று எழுதித் தந்தார்கள்.
நபர் தானாகச் சாப்பிடுகிறாரா?
நபர் சுழலும் பொருட்களை உற்றுப் பார்க்கிறாரா?
கடைசியில்:
சிறுவயதை அறிந்தவர் ஒருவர் உடன் வர வேண்டும்.

அம்மா இல்லை.
ஒத்தக்கடையிலிருந்து அண்ணன் தவமணி வந்தான்.
ஹெல்மெட்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை.
"ஒண்ணுமில்லைங்க டாக்டர். பிடிவாதம், அம்புட்டுத்தேன்.
அடிச்சா சரியாயிரும்னு அப்பா சொல்வாரு.
சரியாகல."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

போக எழுந்தவன்
கதவைப் பிடித்தபடி,
"கரண்டு போனா
தெருவே ஓன்னு கத்தும். இவ மட்டும் சிரிப்பா.
டியூப்லைட்டுச் சத்தம் நின்னதும்
மூஞ்சி அப்படியே எளகிரும்.
அதுக்காகவே நான் ரெண்டு மூணு தடவை
பீஸ் கட்டையைப் புடுங்கியிருக்கேன்.
அப்பாட்ட சொல்லல."

நாற்பத்தொரு வயது எனக்கு.
அவற்றையெல்லாம் இதுவரை
மின்தடை என்றே கணக்கில் வைத்திருந்தேன்.

அறிக்கை வரும் செவ்வாய்க்கிழமை.
இல்லை என்றும் எழுதலாம்.
எழுதினால்
கொக்கியைக் கழற்ற வேண்டுமா,
எத்தனை வருடத்துக்குப் பின்தேதியிட்டு அபராதம்,
விதிப்புத்தகத்தில் தேடினேன், இல்லை.

ஷாகுலைக் கேட்கலாம்.
ஏணி அவரிடம்தான் இருக்கிறது.