எனக்கான குறிப்பு

கோப்பு இருப்பது பேர்ண் அலுவலகத்துச் சேர்வரில்.
நான் இருப்பது ஃப்ருட்டிகனை நெருங்கும் ரயிலில்.
முப்பது விநாடிக்கு ஒருமுறை எடிட்டர்
கேளாமலே ஒரு நகல் எடுத்துக்கொள்ளும்,
பெயருக்கு முன்னும் பின்னும் # போட்டு.

போன கிழமை வரை
அந்த நகல்கள் அங்கேயே விழுந்தன,
அசல் கோப்பின் காலடியில்.
இணைப்பு அறுந்த நாட்களில்
நான் அழிக்க நினைத்ததும்
அழியாமல் கிடந்தது.

ரேட்டோதான் கண்டெடுத்தான்.
மதகு திறக்கும் நேரங்களுக்கு நடுவே
சுழி சுழியாய் ஒரு வரி.
"எழுத்துரு பழுதா?"

*இந்த மனுசனுக்கு எப்பதான் விளங்கப்போகுது.*

"குறிப்பு," என்றேன். "எனக்கான குறிப்பு."
அழகாயிருக்கிறதென்று அச்செடுத்துத்
தன் திரையோரம் ஒட்டிவைத்தான்.
இன்னும் இருக்கிறது.

அன்றிரவே அமைப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
எங்கே திருத்தினாலும்
நகல் என் மடிக்கணினியில்.
தற்காலிக அடைவில் அல்ல,
அதை ஒவ்வொரு காலையும் கழுவி ஊற்றிவிடுவார்கள்.
எனக்கென்று ஒரு மூலை.
அரைவேக்காட்டை
அடுத்தவன் அடுப்பில் விட்டுவரக் கூடாது.

சுரங்கம்.
காது அடைக்கிறது.
பேர்ண் பதில் சொல்லவில்லை,
கர்சர் மட்டும் துடிக்கிறது.
மலை முழுவதும் தலைக்குமேல் இருக்க
அவனை ஆசை தீரத் திட்டி எழுதுகிறேன்,
எழுத்துப்பிழை கூடத் திருத்தி.

ஃபிஸ்ப் வெளிச்சத்துக்குமுன்
எல்லாம் அழித்து
மதகு நேரத்தை மட்டும் சேமிக்கிறேன்.

இணைப்பு திரும்பியதும் ரேட்டோ:
"வந்து சேர்ந்தது. நன்றி.
இந்தமுறை குறிப்பு இல்லையா?"