பசை

ஏதென்ஸ். கைசரியானிக் குடிசைகள். ஜனவரி.
லெஃப்கோதியா பசை காய்ச்சுகிறாள்.

இரண்டு கை மாவு, ஆறு குவளைத் தண்ணீர்.
கட்டி தட்டாமல் துழாவ வேண்டும்,
குழந்தைக்குக் கூழ் கிண்டுகிற மாதிரி.
அந்த நினைப்பு வந்துவிடக் கூடாதென்றுதான்
இறக்கும்போது ஒரு கரண்டி மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லி
இயக்கத்தின் உத்தரவு.

சுவரொட்டி ஆர்கிரிஸ் செதுக்கியது.
மூடிக் கிடக்கும் பள்ளியில் பெயர்த்த லினோலியம்,
செருப்புத் தைப்பவரிடம் இரவல் வாங்கிய கத்தி.
ஒரு பெண். உயர்த்திய கைகள். நடுவில் அறுபடும் சங்கிலி.
கீழே ஒரே சொல்: பணியோம்.
மாதிரிக்கு நின்றவள் இவள்தான்.
"கன்னம் இப்படியா இருக்கிறது எனக்கு?"
"வெட்டி எடுத்த இடம்தான் தாளில் வெளுக்கும்.
உனக்குச் சதை போட
அவ்வளவு வெட்ட வேண்டியிருந்தது."

போன வாரம் ஒட்டிய பதினேழும்
விடிவதற்குள் காணோம்.
ரோந்துக்காரர்கள் என்றான் ஆர்கிரிஸ்.
ரோந்துக்காரன் கிழித்தால் நடுவில் கிழிப்பான்.
இது ஓரத்திலிருந்து, நகம் கொடுத்து,
அவசரமில்லாமல் உரித்தது.
செங்கல்லில் நாக்கின் தடம்,
தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை.
அதற்கு மேலே பசை அப்படியே காய்ந்திருந்தது.

(எழுதிப் பார்க்கிறேன்.
பசியில் சகரத்தின் தலைமேல் விலங்கு.
பசையில் அதன் முன்னால் சங்கிலி.
எழுத்துக் கூட்டிய நாளில்
அப்படித்தான் பெயர் சொன்னார்கள்,
மேல்விலங்கு, சங்கிலிக்கொம்பு.
ஒன்றைக் கழற்றினால் இன்னொன்றை மாட்டலாம்.)

அன்றிரவு மண்ணெண்ணெய்ப் புட்டியை அவள் திறக்கவில்லை.
தடிமனாகத் தடவினாள்.
குனிந்து, முழங்காலுக்குச் சற்று மேலே,
பெரியவர்கள் யாரும் நின்று படிக்காத இடத்தில்.
ஊரே நிமிர்ந்து பார்க்க வேண்டிய சங்கிலியை
ஒரு நாயின் உயரத்தில் ஒட்டிவிட்டு
ஊரடங்கின் இருட்டில் திரும்பினாள்.

"ஒட்டியது இருபது. நின்றது ஒன்றுமில்லை"
என்று அறிக்கை எழுதினான் ஆர்கிரிஸ்.
மாவுக் கணக்கை அவன் கேட்கவில்லை.
அடுத்த பலகையில்
சொல்லை இன்னும் பெரிதாக வெட்டினான்.

மூன்றாம் ஆண்டு அக்டோபரில் விடுதலை வந்தது.
பெரிய அச்சகம், மூன்று நிறம், ஆள் உயரம்.
அதே பெண், அதே கைகள்,
கன்னம் மட்டும் இன்னும் கொஞ்சம் பூரித்திருந்தது.
பீப்பாயில் வந்த எலும்புப் பசை.
எல்லாக் கோயில்களிலும் மணி அடித்தது.
கூட்டத்தைவிட்டு விலகி வந்த ஒரு பையன்
தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினான்,
விரலை மூக்கருகே கொண்டுபோனான்,
கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

லெஃப்கோதியா பார்த்துக்கொண்டிருந்தாள்.
இப்போது நான்கடி உயரம் இருப்பான்.