கன்னியா, முப்பத்தோராம் நாள்

முதல் கிணற்றுத் தண்ணீர் தலையில் விழுந்ததும்
மெஷின்தான் ஞாபகம் வந்தது.
குறை நினைக்காதே, புவனேசா.
ஐயர் சொன்ன மந்திரம் ஒன்றும் ஒட்டவில்லை.

தொண்ணூற்றைந்து பாகையில்
முறுக்கேணி நெட்டுக்குப் பிளக்கும்.
அறுபதுக்கு இறக்கினால் ஒரு சிறு துண்டு வந்து
தன் இடம் பார்த்துக் குந்தும்.
பிறகு நொதி நடக்கும்.
அடினினைக் கண்டால் தைமின்,
குவானினைக் கண்டால் சைற்றோசின்,
வேறு கதையில்லை.
கொதிநீர் ஊற்றுக் கிருமியில் எடுத்த நொதி,
வெந்தாலும் சாகாது.
எந்த நாட்டு ஊற்றோ. இது இல்லை.
இது வாளியால் அள்ளிக் குளிக்கிற சூடு.

பவனேசன், புவனேசன்.
கீழே இழுத்த ஒரு கோடுதான் வித்தியாசம்.
கந்தோரில் இரண்டு தரம் பதிந்துவிட்டதென்று
உன் துண்டைக் கிழிக்கப் போனார்களாம்.
ஒரே முட்டை, ஏனோ ஒருநாள் இரண்டாய்ப் பிரிந்தது.
முந்நூறு கோடி எழுத்தும் ஒன்றென்று
நானும் கனகாலம் நம்பினேன்.
ஒவ்வொரு தரம் படியெடுக்கும்போதும்
கலத்துக்குள் ஒருத்தன் திரும்பி வந்து பிழை பார்க்கிறான்.
அவனுக்கும் கண் தவறும்.
நாற்பத்து மூன்று வருசம்:
உன் பிழை உனக்கு, என் பிழை எனக்கு.

உன்னைக் கடித்த நுளம்பு
என்னையும் கடித்திருக்கலாம்.

டெங்குவின் ஆர்.என்.ஏ.
ஒற்றை இழை. திருத்த ஆளில்லை.
தைமின் இருக்கிற இடத்தில் யுராசில்,
அதற்கும் ஒரு சின்னக் கொம்புதான் குறைவு.
உன் கலங்களுக்குள் உட்கார்ந்து
பிழையும் சரியுமாய்
எழுதி எழுதித் தள்ளியது.

குழாயில் பெயர் இல்லை, இலக்கம்தான்.
ஐந்தாம் வார்ட்டிலிருந்து நானே கொண்டுவந்தது.
இல்லாததை ஒன்றும் மெஷின் பெருக்காது,
அதுவும் தெரியும்.
பதினேழாம் சுற்றிலேயே வளைகோடு எழும்பிற்று.
திரையைக் கையால் பொத்தினேன்.
விரல்களுக்கு மேலால் ஏறிப் போனது.

நாலாவது கிணறு சுட்டது.
ஆறாவதில் எண்ணிக்கை தவறி
மறுபடி முதலாவதில் அள்ளினேன்.

பிரிந்த இழைக்குக் கவலையில்லை.
சுற்றிலும் சரக்குக் கிடக்கும்,
மறுபாதியைத் தானே கட்டிக்கொள்ளும்.

சேட்டு மாற்றிக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்கையில்
சோளன் அவித்து விற்கிறவள் கூப்பிட்டாள்.
"புவனேசண்ணே, கன நாளாக் காணேல்ல.
எங்க, மற்றவர் வரேல்லையோ?"

இல்லை என்றேன்.
அவருக்கு இன்றைக்கு டியூட்டி.