ஒன் பை டூ

தரமணி டீக்கடையில் ஒரு டீயை
இரண்டு கிளாஸில் கேட்டால்
மாஸ்டர் அளக்காமலே பிரிப்பார்.
நுரை மட்டும் ரிஸ்வானாவுக்குக் கொஞ்சம் கூடும்.

கடைசிப் பறக்கும் ரயில் போய்விட்டது.
மேசையின் நடுக்கம் அடங்க
இதற்குத்தான் காத்திருந்தோம்.
ஏ.சி. சொட்டுகிறது, கீழே பக்கெட்.

ஒரு படிகம். இரட்டை இரட்டையாக ஃபோட்டான் பெறும்.
ஒன்று இங்கேயே நின்று ‘பிறந்தாச்சு’ என்று சொல்லும்.
மற்றது ரோட்டுக்கு அடியில் திருவான்மியூர் போய்த்
திரும்பி வர வேண்டும்,
மெட்ரோ வாட்டர்காரர்கள் இரண்டு தடவை வெட்டி
நாங்கள் இரண்டு தடவை ஒட்டிய கண்ணாடி இழையில்.
வந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது.
முனைக்கு ஒரு கருவி.

நான் படித்த நான்கு சமன்பாடுகள்
ரேஷன் கடைக்காரர் மாதிரி: இவருக்குப் பாதி, அவருக்குப் பாதி,
இரண்டும் சேர்ந்தே அடிக்கும் என்கின்றன.

அவற்றைப் பழிக்க எனக்கு வாய் வராது.
வேளச்சேரி வெள்ளத்தில் மொட்டைமாடியில் நின்று
நான்கு சதவீத சார்ஜில் அனுப்பிய
‘உயிரோட இருக்கேன்’
அவற்றின் முதுகில்தான் போனது.

ஆனால் கருவி கேட்பதில்லை.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
டிக், இந்தப் பக்கம். முழுசாக ஒன்று.
ஒன்றுமில்லை, எட்டோ பதினான்கோ தடவை.
டிக், அந்தப் பக்கம்.
அரை டிக் கிடையாது.
இரண்டும் சேர்ந்து அடித்தது
விடியும்வரை ஏழே ஏழு,
அதுவும் கருவியின் தூக்கக் கலக்கம்.

சரி, துகள்தான் என்று முடித்துவிடலாமென்றால்
பிரிந்த வழிகளை மறுபடி சேர்த்ததும்
எண்ணிக்கை ஏறி இறங்குகிறது,
ஒரு வழி மயிரளவு நீண்டாலும்
இன்னொன்றுக்குத் தெரிந்துவிடுவது போல.

“அப்போ வழியில அது எங்கதான் இருந்துச்சு?”
நான் கேட்டேன். லேபில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி.
ரிஸ்வானா பக்கெட்டைக் கொட்டிவிட்டு வந்து சொன்னாள்:
“வெள்ளிக்கிழமை வாணியம்பாடி, திங்கக்கிழமை தரமணி.
பாதி மருமக, பாதி சயின்டிஸ்ட்டுன்னு ஊர் சொல்லுது.
டிக்கெட் செக் பண்றவர் எண்ணினா மட்டும்
ஒரு ஆள்தான் வரேன்.”

நாலரைக்குக் கடை திறந்தார்கள்.
மாஸ்டர் கை வழக்கம்போல இரண்டு கிளாஸை எடுத்தது.
“இன்னைக்கு வேண்டாம்ணே,” என்றாள்,
“ஆளுக்கு ஒண்ணு. முழுசா.”